எதிர்வீட்டில் இரண்டு நாள் இருந்த பெட்டி

காலை ஆறு இருபது. கடையின் ஷட்டருக்கு முன்னால் முதலில் கண்ணில் பட்டது ஒரு நீல நிற சூட்கேஸ். அதன் மூடியில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பாதிக் குங்குமத்தை மறைத்தபடி விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பக்கத்தில் கசங்கிய வெள்ளைச் சட்டையோடு தங்கராசு நின்றுகொண்டிருந்தார். பத்தடி தள்ளி ஒரு வாடகைக் கார். பின்சீட்டில் அவர் மனைவி சரோஜா.

2007, மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கமால் பாய் நடத்திவந்த டிராவல்ஸில் டிக்கெட், விசா, பயண இன்சூரன்ஸ் மூன்றையும் கவுண்டரில் நான்தான் பார்த்தேன். 2004இல் வேலைக்குச் சேர்ந்தேன். 2012இல் கடை கைமாறும் வரை அங்கேயே இருந்தேன். ஞாயிறு எங்களுக்கு விடுமுறை. பரங்கிப்பேட்டையிலிருந்து பாய் போன் செய்து எழுப்பியதால் வந்தேன்.

"செல்வி, தங்கராசு மச்சான் ஏர்போர்ட்லேர்ந்து திரும்பிட்டாராம். வண்டி கடை வாசல்லயே நிக்கிதாம். தொறந்து உக்கார வை. நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

தங்கராசு சிதம்பரத்துக்காரர். ஒரு சர்க்கரை ஆலையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பாயும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். முந்தின இரவு விமானம் ஏற வேண்டியவர் சரோஜா மட்டும்தான். அமெரிக்காவில் இருந்த ஒரே மகள் உமாவுக்கு நிறைமாதம். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கர்ப்பம். வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். மருமகன் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேலைக்காக வேறு ஊருக்கு விமானத்தில் போய் வியாழக்கிழமை இரவு திரும்புகிறவர். அந்த வாரம் லீவு கிடைக்கவில்லை. திங்கள் முதல் வியாழன் வரை உமா வீட்டில் தனியாக இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் அம்மாவுக்கு ஞாயிறு அதிகாலை விமானத்தில் டிக்கெட் போட்டிருந்தேன்.

அந்த விமானம் போய்விட்டது. சரோஜா காரில் இருந்தார்.

"உள்ள வாங்கம்மா. ஃபேன் போடுறேன்" என்றேன்.

"இது கடைதான? வரலாமில்ல?" என்று கணவரைப் பார்த்துக் கேட்டார். அவர் தலையசைத்த பிறகுதான் இறங்கினார். எதற்குக் கேட்டார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

செக்-இன் கவுண்டரில்

தங்கராசுவை டெர்மினலுக்குள் விடவில்லை. அவர் கண்ணாடிக்கு வெளியே நின்றார். உள்ளே நடந்ததைச் சரோஜாதான் சொன்னார். அவர் விமான நிலையத்துக்குள் போனது அதுதான் முதல் தடவை.

"ஒரு பொண்ணு, கழுத்துல கார்டு மாட்டிக்கிட்டு. நம்ம தமிழ்தான். பெட்டிய நீங்களே அடுக்குனீங்களான்னு கேட்டுது. ஆமான்னேன். அடுக்குனதுலேர்ந்து ஒங்க பார்வையிலயே இருந்துச்சான்னு கேட்டுது. இல்லம்மா, வியாழக்கெழமைலேர்ந்து எதுத்த வூட்ல இருந்துச்சுன்னேன்."

"ஆமான்னு ஒரு வார்த்த" என்றார் தங்கராசு. "ஒரே வார்த்த. இன்னேரம் பாதி தூரம் போயிருப்பா."

"பொய் சொல்லிட்டு ஏரோப்ளேன்ல ஏறச் சொல்றீங்களா? மேல போயி எதுனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

பெட்டி ஏன் எதிர்வீட்டில் இருந்தது என்று கேட்டேன். புறப்படும் நாளில் சரோஜாவுக்குச் சந்திராஷ்டமம். நாள் சரியில்லை என்றால் அதற்கு முந்தைய நல்ல நாளில் பெட்டியை மட்டும் எடுத்துப்போய் அக்கம்பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். பெட்டி வாசலைத் தாண்டிய அன்றைக்கே ஆளும் புறப்பட்டதாகக் கணக்கு. பஞ்சாங்கத்தில் இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். வியாழக்கிழமை காலை நல்ல நேரத்தில் சூட்கேஸும் கைப்பையும் எதிர்வீட்டு பத்மாவின் கூடத்துக்குப் போயிருக்கின்றன. சனிக்கிழமை மதியம் அங்கிருந்தே காரில் ஏற்றியிருக்கிறார்கள்.

கவுண்டர் பெண்ணின் அடுத்த கேள்வி, யாராவது எதையாவது கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்தார்களா என்பது. இல்லை என்று சரோஜா சொன்னார். அவருக்குத் தெரிந்த வரை அது உண்மை. பெட்டியைத் தனி மேசைக்குக் கொண்டுபோய்த் திறந்தார்கள். மேலே புடவைகள். அதற்குக் கீழே பிரசவ லேகிய டப்பா. அது கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்ததால் அதற்கே நேரம் பிடித்தது. ஒருவர் மாற்றி ஒருவர் முகர்ந்து பார்த்தார்கள். அடியில், குழந்தைத் துணிகளுக்கு நடுவில், மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால் ஒரு இரும்புப் பாக்குவெட்டி, ஒரு கரித்துண்டு, காய்ந்த வேப்பிலை.

"இது யாரு வச்சதும்மான்னு கேட்டாங்க. தெரியலையேன்னேன். அதுக்கப்பறம் யாரும் எங்கிட்ட சிரிச்சுப் பேசல."

பாக்குவெட்டி பெரிய ஆயுதம் அல்ல. ஏற்றும் பெட்டியில் இருந்தால் சாதாரணமாக விட்டுவிடுவார்கள். ஆனால் சொந்தக்காரருக்கே தெரியாத ஒரு பொருள் பெட்டிக்குள் வந்திருக்கிறது. அந்தக் கேள்விகளைக் கேட்பதே அதைக் கண்டுபிடிக்கத்தான். பாக்குவெட்டி வந்த வழியில் வேறொன்றும் வந்திருக்கலாம். அவர்கள் ஒவ்வொரு புடவையையும் பிரித்து, லேகியத்தைச் சோதனைக்கு அனுப்பி, மேலதிகாரியை அழைத்து, எல்லாம் சரி என்று எழுதி முடித்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். யார்மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை. சரோஜாவும் சொல்லவில்லை.

பத்மா

தங்கராசு கடை போனை எடுத்துச் சிதம்பரத்துக்குப் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது.

"பத்மா, பொட்டியில என்னா வச்ச?"

"அக்கா போய்ச் சேந்துட்டாங்களாண்ணே? அதுக்குள்ளயா?"

"கடலூருக்குப் போய்ச் சேந்திருக்கா. பாக்குவெட்டி வச்சியா இல்லியா, அதச் சொல்லு."

"வச்சேண்ணே. பச்ச ஒடம்புக்காரி தலமாட்டுல இரும்பு இருக்க வேணாமா? எங்க மாமியாவோடது. எம் பொண்ணு ரெண்டு பிரசவத்துக்கும் அதத்தான் வச்சோம். ஒரு கொறையும் இல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"ஒங்ககிட்டயா? தராசுல வச்சுப் பாத்து, நூறு கிராம் ஜாஸ்தின்னு வெளிய எடுத்துப் போட்ருப்பீங்க."

அது உண்மை. அவர் வீட்டில் சூட்கேஸை மூன்று முறை எடை போட்டு, கடைசியில் ஒரு ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்ததாக அவரே என்னிடம் சொல்லியிருந்தார். சரோஜா போனை வாங்கிக்கொண்டார்.

"ஒன்னும் இல்ல பத்மா. வேற வண்டியில போறேன். பாக்குவெட்டிய அங்கயே வாங்கி வச்சுக்கிட்டாங்க."

"போவட்டும்க்கா. நீங்க பத்தரமா போங்க."

பத்மா அழுகிறார் என்று தெரிந்தது. சரோஜா போனை வைத்துவிட்டுக் கணவரிடம், "அவளத் திட்டாதீங்க. என் பொண்ணுக்குத்தான வச்சா" என்றார்.

பாய் வந்து சேர்ந்தபோது மணி எட்டு. நடந்ததைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏன்டா மச்சான், பொண்டாட்டிக்கு நாள் பாத்த. பெட்டிக்கும் நாள் பாத்த. கேள்வி கேட்டா என்னா சொல்றதுன்னு யாரும் பாக்கலியா?"

"நீ மட்டும் என்னவாம்? வெள்ளிக்கெழம தொழுகைக்கு முன்னால ஒரு டிக்கெட்டு அடிக்க மாட்ட. பேச வந்துட்ட."

"நான் டிக்கெட்ட அடுத்த வூட்ல வெக்கலியேடா."

தங்கராசுவுக்குச் சிரிப்பு வரவில்லை. "வியாழக்கெழமைக்குள்ள ஒரு சீட்டு எடுத்துக் குடு, கமாலு. மாப்ள நாளைக்கிக் கெளம்பிடுவாரு. புள்ள ஒண்டியா இருக்கும்."

வீட்டுக்குப் போகாமல்

ஞாயிற்றுக்கிழமையில் சீட் தேடுவது லேசான வேலை அல்ல. சென்னையில் பாய்க்குத் தெரிந்த ஒரு மொத்த ஏஜெண்ட் வீட்டிலிருந்தபடியே பார்த்துச் சொன்னார். திங்கட்கிழமை நள்ளிரவுக்கு மேல் வளைகுடா வழியாக ஒரு சீட் இருந்தது. ஏறினால் உமா இருக்கும் ஊர்க் கணக்கில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய்ச் சேரலாம். அதைப் பிடித்தோம்.

நடுவில் இரண்டு நாள். வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்துவிட்டு வரச் சொன்னேன். அப்போதுதான் காலையில் சரோஜா காரைவிட்டு இறங்காததற்குக் காரணம் தெரிந்தது.

"வூட்டுக்குப் போயிட்டா பொறப்பாடு கலஞ்சிடும் யம்மா" என்றார் தங்கராசு. "மறுபடியும் நாள் பாக்கணும். பாத்துட்டேன். இனிமே வெள்ளிக்கெழமதான்."

வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை நாள்.

"நான் வூட்டுக்குப் போவல" என்றார் சரோஜா. "வியாழக்கெழம கெளம்புனவ. இன்னும் போய்க்கிட்டுதான் இருக்கேன்."

அவர் என் வீட்டில் தங்கினார். தங்கராசு மட்டும் பஸ் பிடித்து சிதம்பரம் போய், மனைவி மறந்துவிட்டு வந்த மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு மதியம் திரும்பினார். வீட்டுக்குள் போனது தான் மட்டும்தான், அதனால் பாதகமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு விதி வைத்திருந்தார். எனக்கும் தூக்கம் போதவில்லை. எதிர்த்துப் பேசத் தெம்பில்லை.

அன்று மாலை சாப்பிட உட்கார்ந்த சரோஜாவுக்குத் தலை சுற்றியது. தெருமுனை கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேட்டார். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, மறுநாள் திரும்ப வரச் சொன்னார். மறுநாள் குறைந்திருந்தது. பயணம் போகலாம் என்றார்.

அடுத்த வேலை பாலிசி. அவர் எடுத்திருந்த பயண இன்சூரன்ஸ் ஞாயிற்றுக்கிழமை தேதியில் தொடங்கியது. தேதியை மாற்ற வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட்டில் வெளியேறும் முத்திரை விழுந்திருக்கக் கூடாது. நல்லவேளையாக இமிகிரேஷனுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். மருமகன் இன்சூரன்ஸ் இல்லாமல் மாமியார் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அங்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். சரோஜாவுக்குச் சர்க்கரை உண்டு. அதற்குக் கவர் கிடையாது, அதாவது அந்தச் செலவைக் கம்பெனி தராது என்று முதலிலேயே எழுதியிருந்தார்கள். வேறு எது வந்தாலும் உண்டு.

தேதி மாற்றும் விண்ணப்பத்தில், பாலிசி எடுத்த பிறகு உடல்நிலையில் மாற்றம் உண்டா, மருத்துவரைப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். நான் வாசித்தேன்.

"இல்லன்னு போடு யம்மா. யாரு வந்து பாக்கப் போறா?" என்றார் தங்கராசு.

"நேத்து மாத்தர போட்டனே" என்றார் சரோஜா.

"அது மயக்கத்துக்கு."

"பிரஷருன்னுதான அந்த டாக்டர் சொன்னாரு?"

"சொல்லு. நல்லாச் சொல்லு. அங்க சொன்ன, ஏத்தல. இங்கயும் சொல்லு, இன்சூரன்சும் இல்லன்னு சொல்லட்டும். அப்பறம் நீயும் நானும் சிதம்பரத்துல உக்காந்துக்கிட்டு போன்லயே பிரசவம் பாக்கலாம்."

நான் பேனாவைப் பிடித்தபடி பாயைப் பார்த்தேன். பாய் தங்கராசுவைப் பார்த்தார். "மச்சான், இல்லன்னு எழுதிட்டு அங்க போயி பிரஷர்ல வுழுந்தா, மொத ஆளா இந்த டாக்டர் சீட்டத்தான் தேடுவாங்க. அப்ப ஒரு பைசா வராது. எத்தனயோ பாத்துட்டேன்."

"ஆமான்னு போடும்மா" என்றார் சரோஜா என்னிடம்.

போட்டேன். கிளினிக் சீட்டின் நகலோடு ஃபேக்ஸ் அனுப்பினோம். மதியம் மூன்று மணி வரை பதில் இல்லை. சென்னைக்குப் போகும் கார் வாசலில் நின்றது. தங்கராசு உள்ளுக்கும் வெளியிலுமாக நடந்தார். சரோஜா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான்கு மணிக்குப் பதில் வந்தது. தேதி மாற்றம் ஏற்கப்பட்டது. சர்க்கரையோடு ரத்த அழுத்தம் தொடர்பான சிகிச்சைக்கும் கவர் கிடையாது.

"மாப்ளைக்குச் சொல்லணுமே" என்றார் பாய்.

"கம்பெனி கேட்டுச்சு, சொன்னேன்" என்றபடி சரோஜா எழுந்து கைப்பையை எடுத்தார். "மாப்ள கேக்கலியே."

அன்று முழுக்க நாங்கள் சிரித்தது அப்போது மட்டும்தான். தங்கராசுவும் சிரித்தார்.

கவர் ஆகாதவை

எட்டு வருடம் அந்தக் கவுண்டரில் இருந்தேன். பாலிசி எடுக்க வந்தவர்களில் பெரும்பாலானோர், கூடவந்தவருக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திக் கேட்ட கேள்வி ஒன்றுதான். விமானம் விழுந்தால் எவ்வளவு கிடைக்கும்? அதைச் சொல்லி முடித்ததும் மற்றப் பக்கங்களைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. நாங்கள் அனுப்பிய யாருடைய விமானமும் விழவில்லை. எங்களிடம் வந்ததெல்லாம் பெட்டி வரவில்லை, கால் வழுக்கிவிட்டது, பாஸ்போர்ட்டைக் காணவில்லை, விமானம் போய்விட்டது என்கிற கேஸ்கள்தான். அவற்றில் பாதிக்குப் பாலிசியில் இடமில்லை. ஏன் இல்லை என்று விளக்குவதுதான் என் வேலையில் பெரும்பகுதி.

தங்கராசுவும் க்ளெய்ம் போட்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஏர்போர்ட்டுக்குள் போய்விட்டால் எல்லாம் கவர் ஆகும் என்று கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி ஒரு கூட்டத்தில் சொன்னதைப் பாய் அவரிடம் சொல்லியிருந்தார். பாலிசியில் இருந்தது வேறு. விமானம் தாமதமானால் உண்டு. விமான நிலையம் போகும் வழியில் பஸ்ஸோ ரயிலோ பழுதானால் உண்டு. பாதுகாப்புச் சோதனையில் பயணி நிறுத்தப்பட்டால் இல்லை. மூன்றாவது வாரம் நிராகரிப்புக் கடிதம் வந்தது. தங்கராசு அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எதுத்த வூட்ல பொட்டி வெக்கிறது தப்புன்னு இதுல எங்கயாச்சும் போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை.

அதன் பிறகு டிக்கெட் கொடுக்கும்போதே நான் ஒரு கேள்வி கேட்பேன். பெட்டியை வெளியே எடுத்து வைக்கிற பழக்கம் உண்டா? உண்டு என்றவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். வடலூர், பண்ருட்டி, சிதம்பரம், எல்லாப் பக்கமும் இருந்தது. வைக்காதீர்கள் என்று சொன்னால் கேட்கமாட்டார்கள். முதல் வருடம் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். பெட்டிக்குப் பதிலாக ஒரு குடையையோ, துண்டையோ, பழைய செருப்பையோ வையுங்கள், கிளம்பும்போது கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டி உங்கள் கட்டிலுக்குக் கீழேயே பூட்டி இருக்கட்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். ஜோசியரிடம் கேட்டுவிட்டு வந்து, குடைக்குப் பரவாயில்லையாம் என்றார்கள். இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். பயணியின் வழக்கம் என்ன என்று முதலில் கேளுங்கள். பாலிசியைப் பிறகு வாசியுங்கள்.

இவையெல்லாம் பின்னால் நடந்தவை. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் சரோஜா கடையிலிருந்து புறப்பட்டார். கவுண்டரில் அவரிடம் மறுபடியும் அதே கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். பெட்டி இரண்டு நாளாகக் கடலூரில் டிராவல்ஸ் பொண்ணு வீட்டில் இருந்தது, ஆனால் நானும் அதே அறையில்தான் இருந்தேன் என்று சொல்லியிருக்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஏற்றிவிட்டார்கள். நேரத்தோடே போயிருந்ததால் தாமதமாகவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்கு போன் வந்தது. தங்கராசு அதற்காகவே விடிந்ததும் வந்து உட்கார்ந்திருந்தார். அவரே எடுத்தார்.

"போய்ச் சேந்துட்டேன்" என்றார் சரோஜா.

"புள்ள எப்பிடி இருக்கு? வலி எதுனா..."

"பொறந்துடுச்சுங்க. பொண்ணு. நான் வர்றதுக்குள்ளயே பொறந்துடுச்சு. ரெண்டும் நல்லா இருக்கு."

தங்கராசு என்னிடம் போனைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மீதியை நான் கேட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை இரவு உமாவுக்கு வலி எடுத்திருக்கிறது. அன்று காலைதான் மருமகன் புறப்பட்டுப் போயிருந்தார். அவருக்குத் திரும்ப விமானம் கிடைத்தது மறுநாள் மதியம். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. செவ்வாய்க்கிழமை விடியற்காலை குழந்தை பிறந்தபோது உமாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், அடுத்த ஃபிளாட்டில் குடியிருந்த ஒரு மெக்சிகோ நாட்டுப் பெண்.